அண்ணாச்சிக்கு நான் சொன்ன காப்டன் கதை

வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவர்களைப் போலப் பாவப்பட்ட எழுத்தாளர்கள் உலகத்தில் கிடையாது. உட்கார்ந்து உருகி உருகி எழுதுவார்கள். விளையாடுகிறவன் ஒரு பொத்தானைத் தட்டி அத்தனை பேச்சையும் தாண்டிப் போய், “சண்டை எப்பப்பா வரும்?” என்று கேட்பான். இந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தால் என்னைத் தலைவராகப் போடலாம். எங்கள் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் அந்தப் பொத்தானின் எழுத்து மட்டும் தேய்ந்து அழிந்தே போயிருந்தது. அதற்குக் கிடைத்த தண்டனையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு விருதுநகரில். எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சாபீஸ் இருந்தது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம், இடையிடையே கல்யாணப் பத்திரிகை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். லேபிள் டிசைன் பண்ணுவதற்கென்று அத்தா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி என்னிடம் ஒப்படைத்திருந்தார். (வாங்கி வந்த அன்று அதன் முன்னால் உட்கார்ந்து கையேந்தி துஆ செய்த மனுசன்.) அந்தக் கம்ப்யூட்டரில் நான் எந்நேரமும் கேம்தான் விளையாடினேன் என்று சொன்னால் அது அவதூறு. அத்தா வெளியே போகும்போது மட்டும்தான் விளையாடினேன். அவரை அடிக்கடி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மதுரையில் இருந்த நண்பன் ஒருவன் எனக்கு ஒரு சிடி கொடுத்திருந்தான். “இது கதை கேம்டா. நீ எடுக்கிற முடிவுக்குத் தக்கன கதையே மாறும்” என்றான். ஒரு கிழட்டுக் காப்டன் பல வருடம் கழித்துத் தன் தீவுக்குத் திரும்பி வருகிறான். கரையில் நின்றுகொண்டு பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். திரைக்குக் கீழே அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும். நான் தமிழ் வழியில் படித்தவன். எழுவாயைக் கண்டுபிடித்துப் பயனிலைக்குப் போவதற்குள் அந்த வரி ஓடிப்போய் அடுத்த வரி வந்துவிடும். ஆகவே பொத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊர் உலகத்துக்குத் தீபாவளி அன்று லீவு என்றால், எங்களுக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் லீவு. சீசன் முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். மழை வேறு பிடித்துக்கொள்ளும். முதலாளிமார் பொழுது போகாமல் அச்சாபீஸ்களில் வந்து உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கு லேபிள் தேர்ந்தெடுப்பார்கள். பூனைக்குட்டி, ரோஜாப்பூ, பனிமலை, யார் பெற்றது என்றே தெரியாத வெள்ளைக்காரக் குழந்தை என்று எதுவும் லேபிளில் வரலாம். உள்ளே இருக்கிற வெடிக்கும் மேலே இருக்கிற படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் வேண்டாம். முதலாளிக்குப் பிடித்தால் போதும்.

எங்களுக்கு அப்படி வாய்த்த பெரிய முதலாளி குருசாமி அண்ணாச்சி. விஸ்வநத்தம் பக்கம் ஆலை. அந்த வருடம் ‘டூ சவுண்ட்’ வெடி, அதாவது தரையில் ஒரு சத்தம், மேலே போய் ஒரு சத்தம் என்று இரண்டு முறை வெடிக்கிற சரக்கைப் புதிதாகக் கொண்டுவரத் திட்டம் வைத்திருந்தார். அதற்கு நல்ல லேபிள் அமையாவிட்டால் வேறு அச்சாபீசுக்குப் போய்விடுவார் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. “அண்ணாச்சி மனசு கோணாம நடந்துக்கலே. அவுக போயிட்டா நம்ம மிஷினைத் துடைச்சு வச்சிட்டுப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்று அத்தா பஸ்ஸிலேயே ஓதிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்றைக்கு அத்தா காகிதம் எடுக்கப் போயிருந்தார். நான் காப்டனோடு கரையில் நின்றிருந்தேன். பின்னால் குடையை மடக்கும் சத்தம். திரும்பினால் அண்ணாச்சி.

“இது என்னலே, இங்கிலீசு படமா?”

“கதை விளையாட்டு அண்ணாச்சி. நாம சொல்றபடி அவன் நடப்பான்.”

“எங்க வீட்ல ஒருத்தனும் நான் சொல்றபடி நடக்க மாட்டேங்கான், இவன் நடக்கானா?” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “யாரு இவன்? என்ன சொல்லுதான்?”

‘தெரியாது அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் கம்ப்யூட்டர் படித்த பையன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அதோடு, அண்ணாச்சிக்கும் அவர் தம்பி சங்கரபாண்டிக்கும் பாகப்பிரிவினையில் மனத்தாங்கல் வந்து சில வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது சிவகாசியில் டீ ஆற்றுகிறவர் வரை தெரியும். அண்ணாச்சி மனசு கோணக் கூடாது என்பது அத்தாவின் கட்டளை. மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“‘என் சொத்தையெல்லாம் என் தம்பி அமுக்கிட்டான்’ங்கான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார்.

“எம்புட்டு சொத்து?”

“ஒரு தீவு, ரெண்டு கப்பல், ஒரு கலங்கரை விளக்கம்.”

“கூட்டுப் பட்டாவா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதான பாத்தேன்” என்றார். மறுநாள் காலையில் நாங்கள் பூட்டைத் திறப்பதற்கு முன்பே சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

அதன் பிறகு தினமும் வந்தார். கதை என் கையில் கொழுந்துவிட்டு வளர்ந்தது. காப்டன் ஒரு மீன்காரியிடம் பேசினால், தம்பி கலங்கரை விளக்கத்து எண்ணெயில் கலப்படம் செய்ததை அவள் காட்டிக்கொடுத்தாள் என்றேன். ஒரு பாதிரியார் கையைத் தூக்கினால், அண்ணனிடம் ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியதற்கு அவர்தான் சாட்சி என்றேன். (அந்தத் தீவில் முத்திரைத்தாள் எங்கே கிடைத்தது என்று அண்ணாச்சி கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.) அவ்வப்போது திரையில் இரண்டு வழிகள் காட்டி, எது வேண்டும் என்று கேம் கேட்கும். தீர்ப்பு சொல்கிற உரிமை அண்ணாச்சிக்கு. “இந்தப் பொம்பளையைப் படகுல ஏத்தவா, வேண்டாமா?” என்றால், “முன்பணம் கேட்டுப் பாரு” என்பார். கேமில் அதற்கு வழியில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்த அத்தா, நாங்கள் லேபிளைப் பற்றித்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து டீ அனுப்பிக்கொண்டே இருந்தார். “பையன் அண்ணாச்சியக் கையில போட்டுக்கிட்டான்” என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பூரித்தாராம். எனக்கோ தலைகால் புரியவில்லை. இந்தக் கேமை எழுதிய வெள்ளைக்காரனைவிட நான்தான் நன்றாகக் கதை பண்ணுகிறேன் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அவன் கதையை நான் ஒரு வரிகூடக் கேட்டதில்லை என்பது அந்த நம்பிக்கைக்கு இடைஞ்சலாக இல்லை.

கடைசியில் காப்டன் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருந்த வெடிமருந்து அறைக்கு வந்து சேர்ந்தான். உள்ளே கும்மிருட்டு. வாசலில் ஒரு தீப்பந்தம் எரிகிறது. எடுத்துக்கொண்டு போகவா, விட்டுவிட்டுப் போகவா என்று கேம் கேட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் கண்ணை மூடிக்கொண்டு தீப்பந்தத்தை எடுத்திருப்பான். அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

“ஏலே ஏலே! மருந்து ரூமுக்குள்ள நெருப்போட போவானா எவனாவது? வெளிய வைக்கச் சொல்லு! காலைப் பாரு, பூட்ஸு வேற போட்டிருக்கான். அடியில ஆணி இருக்கும்லே, உரசுனா என்ன ஆகும்? அதைக் கழட்டச் சொல்லு!”

பூட்ஸைக் கழற்ற வழியில்லை. தீப்பந்தத்தை விட்டுவிட்டேன். காப்டன் இருட்டில் தட்டுத் தடுமாறி, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போய், மறுவாசல் வழியாக வெளியேறினான். படகில் ஏறினான். சோகமாக ஒரு இசை வந்தது. முற்றும்.

“என்னலே ஆச்சு?”

“தம்பி சொத்தையெல்லாம் வித்துட்டு ஓடிட்டான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நேராக அத்தாவிடம் போனார். தை மாதத்தில் அவர் மகள் செல்விக்குக் கல்யாணம். பத்திரிகை எங்களிடம்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் மாதக்கணக்கில் கெஞ்சியதில் மனம் இளகி, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிசையில் தம்பி சங்கரபாண்டி பெயரையும் சேர்த்திருந்தார். மாதிரித் தாளில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார்.

“இதை எடுத்துருங்க பாய்.”

அத்தா பதறிப்போனார். “அண்ணாச்சி, பிள்ளைக்குச் சித்தப்பா இல்லையா? பத்திரிகையில பேரு விட்டுப்போச்சுன்னா அப்புறம் சென்மத்துக்கும் ஒட்டாதே?”

“ஒட்ட வேண்டாம். அந்தக் காப்டன் கதியப் பாத்த பொறகுமா ஒட்டச் சொல்லுதீக?”

“எந்தக் காப்டன்?” என்று அத்தா என்னைப் பார்த்தார். நான் மௌஸைத் தலைகீழாகத் திருப்பி அதன் வயிற்றில் இருந்த உருண்டையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அண்ணனும் தம்பியும் ஆயுசுக்கும் முகம் பார்க்காமல் போவதற்கு, நான் காராச்சேவு தின்றுகொண்டே அளந்த கதையா காரணம்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். லேபிள் ஆர்டர் கண் முன்னால் வந்து நின்றது. இரவுக்குள் அண்ணாச்சி மனசு தானாக மாறிவிடும் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டு அம்மாவும் மகள் செல்வியும் அச்சாபீசுக்கு வந்துவிட்டார்கள். செல்வி மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த பெண். (எத்தனையோ பாடம் இருக்கிறது. வேதியியல் படித்திருக்கக் கூடாதா?) பின்னாலேயே அண்ணாச்சியும் வந்தார்.

“அண்ணே, எங்க சித்தப்பா பேரை எடுக்க வச்ச படத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க” என்றாள் செல்வி.

“கம்ப்யூட்டர் ரிப்பேரும்மா.”

“எரியுதே.”

“கரண்டு வந்து வந்து போகுது.”

“போனா அப்பப் பாத்துக்கிடலாம்ணே. போடுங்க.”

அண்ணாச்சிக்கோ ஒரே பெருமை. “போட்டுக் காட்டுலே. அவளும் தெரிஞ்சுக்கிடட்டும், உடன்பொறப்பு என்னென்ன செய்யும்னு.” அத்தாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அத்தனை நாளாகத் தயாராகிவரும் லேபிளைப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்கு ஆவல்.

காப்டன் கரையில் நின்று பேச ஆரம்பித்தான். பழக்க தோஷத்தில் நானும் ஆரம்பித்தேன். “‘அடப்பாவி தம்பி, நீ நல்லாயிருப்பியா...’”

செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, கீழ என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுங்க.”

அவளே வாசித்துத் தமிழில் சொன்னாள். “‘இந்தக் கடல்லதான் என் தம்பிக்கு நான் நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். கோவத்துல நான்தான் அவனை விட்டுட்டுப் போனேன்.’ சொத்துன்னு ஒரு வார்த்தையும் இல்லையேப்பா.”

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அது வந்து... உள்ளர்த்தம் அண்ணாச்சி” என்றேன்.

அடுத்து மீன்காரி வந்தாள். “இவ என்ன சொல்லுதா? எண்ணெய்க் கலப்படமா?” என்று அண்ணாச்சி மகளிடம் கேட்டார். செல்வி வாசித்தாள். “‘கடல்ல மூடுபனி இறங்குற அன்னைக்கெல்லாம் கலங்கரை விளக்கத்துல இருந்து ரெண்டு வெடிச் சத்தம் கேக்கும்’ங்காப்பா. கலப்படமெல்லாம் ஒண்ணும் சொல்லலை.” பாதிரியார் வந்தார். அவர் கையைத் தூக்கியது சாட்சி சொல்வதற்காக அல்ல, காப்டனுக்கு நல்வழி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்காக. ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் நான் ஒரு அங்குலம் குறைந்துகொண்டே வந்தேன். அத்தாவுக்கு விஷயம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. “ஏலே, இதுல லேபிள் எங்கலே?” என்று கிசுகிசுத்தார்.

மருந்து அறை வந்தது. தீப்பந்தத்தை எடுக்கவா, விடவா என்று கேம் கேட்டது.

“வேண்டாம் தாயி, உள்ள மருந்து” என்றார் அண்ணாச்சி.

“ஒரே ஒரு தடவ எடுத்துப் பாப்போம்ப்பா.”

அவள் எடுத்தாள். அண்ணாச்சி சம்சாரத்தையும் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். வெளிச்சம் உள்ளே போனது. வரிசையாக மருந்துப் பீப்பாய்கள், எல்லாம் மூடி திறந்து, எல்லாம் காலி. ஒரு மூலையில் வயதான ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காப்டன் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். திரும்பவில்லை. தீப்பந்தத்தின் வெளிச்சம் சுவரில் ஆடியபோதுதான் சட்டென்று திரும்பினார். அவர் சொன்னதைச் செல்வி மெதுவாக வாசித்தாள்.

“‘அண்ணே, மூடுபனி அன்னைக்கெல்லாம் ரெண்டு வெடி போட்டேன். ஒண்ணு நான் இருக்கேன்னு. ஒண்ணு நீ வந்துருன்னு. உன் கப்பலுக்குக் கேக்குமேன்னு போட்டேன். மருந்து பூராவும் தீந்துபோச்சு. என் காதும் போச்சு.’”

பின்னால் போன இரண்டடியையும் அண்ணாச்சி திரும்ப முன்னால் வந்தார்.

“அன்னைக்கு நாம இந்த ரூம் வழியாத்தானலே போனோம்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி.”

“இவன் அங்கனதான் உக்காந்திருந்தானா?”

“உக்காந்துதான் இருந்திருக்கான் அண்ணாச்சி. வெளிச்சம் இல்லாம நமக்குத் தெரியல. கூப்பிட்டது அவனுக்குக் கேக்கல.”

எனக்குத் திரையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பாதி அவமானம், பாதி அந்தக் கதை. எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து இதை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறான். வெளிச்சத்தோடு போகிறவனுக்கு ஒரு தம்பி, இருட்டில் போகிறவனுக்கு வெறும் படகு. அதன்மேல் நான் முத்திரைத்தாளும் கைநாட்டும் போட்டு அப்பியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு கேமில் பேச்சுக் காட்சியைத் தாண்ட எனக்குக் கை வரவில்லை.

அண்ணாச்சி சம்சாரத்தைப் பார்த்தார். “நம்ம சங்கரபாண்டியும் சமாதானத்துக்கு ரெண்டு தடவ ஆள் விட்டான்லா?”

“ரெண்டு தடவ” என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “நீங்கதான் பதிலே சொல்லல.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஆர்டர் போயிற்று, அத்தாவின் மானம் போயிற்று, அநேகமாக என் காதும் போகப் போகிறது என்று நின்றேன். வாசலில் நின்று திரும்பினார்.

“பாய், தம்பி பேரைப் போட்டுருங்க. எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்.”

“சரி அண்ணாச்சி” என்றார் அத்தா. பிறகு பயந்து பயந்து, “லேபிளு...?”

“லேபிளும் உங்ககிட்டத்தான். அந்தக் கலங்கரை வெளக்கத்தைப் போட்டு, பக்கத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு நிக்காப்ல வரைஞ்சு குடுங்க. டூ சவுண்டுக்கு அதான் பொருத்தம்.” என்னைக் காட்டினார். “ஆனா இந்தப் பய வரையட்டும், வாயைத் தொறக்கக் கூடாது.”

அவர் போன பிறகு அத்தா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று பார்த்தேன். “நான் அம்புட்டு டீ வாங்கிக் குடுத்தேனேலே” என்றார். அடியே தேவலை என்று இருந்தது.

தை மாதக் கல்யாணத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சிதான் பந்தி கவனித்தார். என் இலைக்கு நேரே வந்து நின்று, “நீதானா தம்பி அது? நான் கைநாட்டு வாங்குனேனாமே, எந்த ஆபீசுல?” என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். நான் வாயைத் திறக்கவில்லை. உத்தரவு அப்படி.

அந்த லேபிள் இன்றைக்கும் ஓடுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடலே இல்லாத ஊரிலிருந்து, கலங்கரை விளக்கம் போட்ட பட்டாசு போகிறது. எங்கள் வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தால் போதும். பிரியாணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், பஸ்ஸில் யாரோடு சண்டை என்று எதுவாக இருந்தாலும் சரி, அம்மா, அத்தா, பிறகு வந்து சேர்ந்த என் மனைவி எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், “கீழ என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லு!”

போன வருடம் லேபிள் விஷயமாக அண்ணாச்சியும் தம்பியும் சேர்ந்தே அச்சாபீசுக்கு வந்திருந்தார்கள். வெளியூர் வியாபாரி ஒருவரும் கூட வந்திருந்தார். லேபிளைக் காட்டி அது என்ன கதை என்று கேட்டார். அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுங்க. மருந்து ரூமு, ஒரே இருட்டு. இந்தப் பய தீப்பந்தத்தை எடுக்கவே பயந்தான். நான்தான், ‘எடுத்துட்டுப் போலே, உள்ள தம்பி இருப்பான், எனக்குத் தெரியும்’னு சொன்னேன்...”

எனக்கு நாக்கு துடித்தது. அத்தா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஆர்டரை ஞாபகப்படுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மௌஸைத் திருப்பி வயிற்றைப் பார்த்தேன். (இப்போதெல்லாம் அதில் உருண்டைகூடக் கிடையாது.) அப்போது பக்கத்தில் காராச்சேவு கொறித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டி அண்ணாச்சி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

“அண்ணே, கீழ என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுங்க.”